ராமானுஜனின் ஆபரேஷன்: நான்கு ஆண்டா, எட்டு ஆண்டா?

1910 ஜனவரி, கும்பகோணம். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை ஆபரேஷனுக்காகப் படுக்க வைத்துக் குளோரோஃபார்ம் கொடுக்கிறார்கள். மயக்கம் ஏற ஏற, தன் ஐம்புலன்களும் எந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடங்குகின்றன என்பதை அவர் கவனித்துக்கொண்டே போனார் என்று நண்பர் ஒருவர் பின்னாளில் வியந்து சொல்லியிருக்கிறார். குளோரோஃபார்ம் அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. அது உயிரைக் குடிப்பது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்று ஆராய நிஜாமின் செலவில் ஹைதராபாதில் 1888-இலும் 1889-இலும் இரண்டு குழுக்கள் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மருந்தை முகர்ந்தபடி ஒருவர் தன் புலன்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் என்றால், அவர் சீனிவாச ராமானுஜனாகத்தான் இருக்க முடியும்.

ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆபரேஷனை ஒரு பத்தியில் தாண்டிப் போய்விடுவார்கள். பகுவெண்களையும் தொடர்களையும் பேச வேண்டிய இடத்தில் விரைவீக்கத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் எட்டு ஆண்டு கழித்து, லண்டனில், இதே ஆபரேஷன் பூதம்போலத் திரும்பி வந்தது. அவர் உடம்பில் புற்றுநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இதை வைத்துத்தான் எழுந்தது. இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில், அவருடைய உடம்பைச் சுற்றி நண்பர்கள் பலர் நின்றார்கள். நல்ல நண்பர்கள். அவர்களில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

கும்பகோணம்

விரைப்பைக்குள் நீர் கோத்துக்கொண்டு வீங்குவதுதான் விரைவீக்கம். ஹைட்ரோசீல் என்று டாக்டர்கள் சொல்வார்கள். கும்பகோணம் பக்கத்தில் யானைக்கால் பரவலாக இருந்த காலம் அது. விரைவீக்கம் அந்த நோயின் இன்னொரு முகம். ஆகவே ஊரில் யாருக்கும் இது அதிசயமில்லை. வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள், அவ்வளவுதான். ஊசி குத்தி நீரை எடுத்தால் சில மாதங்களில் மறுபடி கோத்துக்கொள்ளும். உறையைத் திறந்து ஆபரேஷன் செய்தால்தான் தீர்வு.

ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். சம்பளம் மாதம் 20 ரூபாய். மகனுக்கு 1909 ஜூலையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் கணக்கு நோட்டு மட்டும் இருந்தது. அம்மா கோமளத்தம்மாள் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடைசியில் குப்புசாமி என்ற டாக்டர் காசு வாங்காமல் செய்து தருவதாகத் தாமே முன்வந்தார். ஆபரேஷன் நடந்தது.

அடுத்து நடந்தது, வீட்டில் ஆபரேஷன் ஆன ஆளை வைத்துப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான விஷயம். புண் சரியாக ஆறும் முன்பே ராமானுஜன் நண்பர் ஒருவரோடு பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். புண்ணிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. நண்பர்கள் செய்யும் உபத்திரவங்களில் இது முதன்மையானது. “சும்மா படுத்தே கிடந்தால் எப்படி, காலாற நடந்துவிட்டு வரலாம் வா” என்று ஆசையாகக் கூப்பிடுவார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. தையல்தான் பிரியும்.

இந்தக் கட்டத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் எதற்காக நடந்தது, யார் செய்தார், எப்போது செய்தார், பிறகு என்ன ஆயிற்று என்பதெல்லாம் கும்பகோணத்தில் குறைந்தது பத்துப் பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்களில் ஒருவரும் கப்பல் ஏறவில்லை.

நோட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொண்ட நண்பர்

அதே 1910-இல் ராமானுஜன் வேலை தேடிச் சென்னைக்கு வந்தார். மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் நண்பர்களின் அறைகளில் தங்கியும் நாளை ஓட்டினார். அங்கே மறுபடி உடம்புக்கு வந்தது. இந்தத் தடவை கிடைத்த நண்பர் ராதாகிருஷ்ண அய்யர். பொதுவாக ராமானுஜன் கதையில் இவருக்கு ஒரு வரிதான் ஒதுக்குவார்கள். என் கணக்கில் இந்தக் கதையின் மிகச் சரியான நண்பர் இவர்தான்.

என்ன செய்தார்? நோயாளியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்தார். நாராயணசுவாமி அய்யர் என்ற மருத்துவரிடம் காட்டினார். இவருக்கு இடைவிடாத பராமரிப்பு தேவை, ஊருக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கும்பகோணம் வண்டியில் ஏற்றிவிட்டார். பார்க்கப்போனால் இதில் வீரதீரம் எதுவும் இல்லை. ஆனால் டாக்டர் பேசும்போது பக்கத்தில் இருந்தார். டாக்டர் சொன்னது நோயாளிக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அதையே செய்தார். சென்னையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவது எளிதான காரியமா? “நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கேயே இரு” என்று சொல்லிவிடுவதுதான் எளிது. கேட்கவும் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி புறப்படும் முன்பு ராமானுஜன் தன் இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் அவரிடம் கொடுத்தார். நான் இறந்துபோனால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் எட்வர்ட் ராஸிடமோ சேர்த்துவிடு என்றார். கணித உலகம் இந்தக் காட்சியை அந்த நோட்டுகளுக்காக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்த இளைஞருக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயம் இருந்தது என்பது. அவர் பயப்படுகிறேன் என்று சொல்லவில்லை, நோட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவரும் “சேச்சே, அப்படியெல்லாம் பேசாதே” என்று தள்ளிவிடாமல் வாங்கி வைத்துக்கொண்டார். ராமானுஜன் தேறி வந்து அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்பதில்தான் நமக்கெல்லாம் கொடுப்பினை.

கம்பளி

1914 மார்ச் 17-இல் நெவாசா என்ற கப்பலில் புறப்பட்ட ராமானுஜன், ஏப்ரல் 14-இல் இங்கிலாந்தில் இறங்கினார். அடுத்த ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. ஆகவே இந்தப் பகுதியைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம், ஒரு காட்சியைத் தவிர.

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயர் எடுத்தவர், குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜனின் அறைக்கு வந்தார். இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். இல்லை, ஓவர்கோட் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. படுக்கையின் மேல் ஒழுங்காக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. அதை மடக்கித் திறந்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் விரிப்பை மடக்கி, எப்படி நுழைவது என்று காட்டிக்கொடுத்தார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனார்.

எத்தனை இரவு அப்படிப் படுத்திருப்பார்? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்ற எண்ணம். இந்தக் கூச்சத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கம்பளியைப் பற்றியே கேட்காத ஆள், இடுப்புக்குக் கீழே நடந்த ஆபரேஷனைப் பற்றி வெள்ளைக்கார டாக்டரிடம் தானாக வாய் திறந்து சொல்லியிருப்பாரா?

இதற்குள் முதல் உலகப் போர் வந்துவிட்டது. ராமானுஜன் இருந்த டிரினிட்டி கல்லூரியின் நெவில்ஸ் கோர்ட்டில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். அங்கே அவரோடு பழகிய கணிதவியலாளர் லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். மகலனோபிஸ் 1915-இல் இந்தியா திரும்பினார். சைவச் சாப்பாட்டுக்குக் காய்கறியும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. கல்லூரிச் சமையல்மேல் நம்பிக்கை இல்லாமல் ராமானுஜன் அறையிலேயே அடுப்பு வைத்துத் தானே பொங்கிச் சாப்பிட்டார். நினைத்தால் சமைப்பார், கணக்கில் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. அருகில் மிஞ்சியவர், அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டி ஒருவர்.

பரிசோதனைகள்

1917 வசந்தத்தில் விழுந்தார். கேம்பிரிட்ஜில் ஒரு நர்சிங் ஹோம், பிறகு மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் (காசநோய் மருத்துவமனை), பிறகு டெர்பிஷையரில் மேட்லாக், பிறகு லண்டனில் ஒன்று, பட்னியில் ஒன்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, உடம்பு இளைத்தது, வலி இருந்தது. டாக்டர்கள் மாறினார்கள், நோயின் பெயரும் மாறியது. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். அது கைவிடப்பட்டது. காசநோய் என்றார்கள். அது உறுதியாகாமலே நிலைத்தது.

இதில் ஒரு கிளைக்கதை. மெண்டிப் சானடோரியத்தை நடத்தியவர் சவுரிமுத்து என்ற நம் ஊர் டாக்டர். ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போன அதே நெவாசா கப்பலில் பயணம் செய்தவர். பின்னாளில், 1928-இல், தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை தொடங்கியவரும் இவரே. மின்சார ரயிலில் போகிறவர்கள் சானடோரியம் நிலையம் வரும்போது நினைத்துக்கொள்ளலாம். ஆக, நம் ஊர் மண்ணை அறிந்த மருத்துவர் ஒருவரின் கையில் ராமானுஜன் கொஞ்ச காலம் இருந்திருக்கிறார். ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் காசநோயைப் பார்த்தவர். இளைத்த உடம்பும் இரவுக் காய்ச்சலுமாக ஒருவர் வந்தால் அவருக்கு வேறென்ன தோன்றும்? அந்தக் காலத்தில் அவருக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியது என்றும் சொல்ல முடியாது.

இனி அந்த பூதத்துக்கு வருவோம். 1918 பிப்ரவரியில் ஹார்டி எழுதிய கடிதம் ஒன்றில் இது இருக்கிறது. பேட்டி ஷா என்ற லண்டன் மருத்துவர், மற்ற டாக்டர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்தார்: ராமானுஜனுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அப்போது எடுத்தது உண்மையில் புற்றுக் கட்டியாக இருக்கலாம், அதைத் தவறாகக் கணித்து வேறு பெயர் சொல்லியிருக்கலாம் என்பது அவருடைய மோசமான ஊகம். ஆறு மாதம் கழிந்தும் நோயாளி மேலும் நலிவடையவில்லை என்பதைப் பார்த்து, அந்த ஊகத்தை அவர் கைவிட்டுவிட்டார். மற்ற டாக்டர்கள் அதை ஆரம்பம் முதலே ஏற்கவில்லை என்றும் ஹார்டி எழுதுகிறார்.

இந்தக் கடிதத்தை முதன்முதலில் படித்தபோது நான் நின்ற இடம் அந்த ‘நான்கு ஆண்டு’. நான்கு ஆண்டுக்கு முன்பு என்றால் 1914. கப்பல் ஏறிய ஆண்டு. ஆபரேஷன் நடந்ததோ 1910 ஜனவரியில். எட்டு ஆண்டு. இது சில்லறைப் பிழையில்லை. புற்றுக் கட்டியை அரைகுறையாக எடுத்துவிட்டு ஒருவர் நான்கு ஆண்டு நடமாடினார் என்பதை நம்பினாலும் நம்பலாம். எட்டு ஆண்டு நடமாடி, அதில் முக்கால்வாசி நாட்கள் நல்ல உடம்போடு இருந்து, கேம்பிரிட்ஜின் உச்சாணிக் கொம்பில் ஏறிக் கணக்குப் போட்டார் என்பதை எந்த டாக்டரும் யோசித்துத்தான் நம்புவார். சரியான ஆண்டு ஒன்று தெரிந்திருந்தால் அந்தச் சந்தேகம் கிளம்பிய அன்றே பாதி அடங்கியிருக்கும்.

பிழை யாருடையது என்று தேடிப் பயனில்லை. காய்ச்சலில் கிடப்பவர் சொல்ல, டாக்டர் குறித்துக்கொள்ள, அதைக் கேட்ட ஹார்டி எழுத, வழியில் எங்கோ நான்கு ஆண்டு காணாமல் போயிற்று. எண்களையெல்லாம் தன் சொந்த நண்பர்களாக வைத்திருந்தவர் என்று புகழப்பட்ட மனிதரின் நோய்க்குறிப்பில்தான் இந்தக் கணக்குப் பிழை.

ஆண்டைவிட முக்கியமானது இன்னொன்று. கும்பகோணத்து ஆள் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால், “புற்றாவது ஒன்றாவது, அது நீர்வீக்கம் டாக்டர், எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு” என்று சொல்லியிருப்பார். லண்டன் மருத்துவருக்கு அது விநோதம். விநோதமானதை மோசமானதாக நினைப்பது டாக்டர்களின் ஜாக்கிரதை. ஹார்டிக்கு அந்த ஊரும் தெரியாது, அந்த நோயும் தெரியாது. தன்னோடு ஐந்து ஆண்டு பழகியவருக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதையே டாக்டர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார் என்று தோன்றுகிறது.

என் சொந்த அனுபவத்தில் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்பு நண்பர் ஒருவருக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: இதற்கு முன் ஆபரேஷன் ஏதாவது? “இல்லை” என்றார் நண்பர். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? “இல்லை.” நான் அட்டெண்டருக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்து, ஏதோ ஊசி போட்டதில் உடம்பெல்லாம் தடித்துப்போய் நாங்கள் மூன்று பேர் இரவெல்லாம் விழித்திருந்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். நண்பர் முழித்தார், “அட, ஆமாம்” என்றார். பொய் சொன்னாரா? இல்லை. அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டது. மறுநாள் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள் என்றால் யாருக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய ஊசி நினைவிருக்கும்? டாக்டர் பேனாவை மறுபடி திறந்து, பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். நான் அந்த ஆபரேஷனுக்காகச் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். மற்றபடி காபி வாங்கி வந்தேன்.

ஆளுக்கு ஒரு துண்டு

ராமானுஜனிடம் நண்பர்கள் இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள். ஆபரேஷன் தெரிந்த நண்பர்கள் கும்பகோணத்தில். பயம் தெரிந்த நண்பர் சென்னையில். கணிதம் தெரிந்த நண்பர் கேம்பிரிட்ஜில். நாக்கு தெரிந்த நண்பர் ஒருவரும் இருந்தார். அவர் இங்கிலாந்தின் வடகோடியில்.

அவர் பெயர் ஏ.எஸ். ராமலிங்கம். கடலூர்க்காரர், பொறியாளர், நியூகாசில் பக்கத்தில் ஜாரோ என்ற ஊரில் வேலை. 1914-இலேயே லண்டனில் ராமானுஜனைச் சந்தித்துப் பழக்கமானவர். 1918 ஜூனில் மேட்லாக் சானடோரியத்துக்குப் போய் மூன்று நாள் உடனிருந்தார். திரும்பி வந்து ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். சாப்பாட்டைப் பற்றி, உடல்நிலையைப் பற்றி, அங்கே கொடுக்கிறதை இவர் எப்படி ஒதுக்குகிறார் என்பதைப் பற்றி. ராமானுஜனையும் விட்டுவைக்கவில்லை, நாக்கைக் கட்டாவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று கண்டித்திருக்கிறார். இப்படிக் கடிந்து பேசத் தாய்மொழி வேண்டும், ரசம் எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹார்டி இதைச் செய்திருக்க முடியாது. எல்லா இந்தியர்களையும்போல இவரும் விதியை நம்புகிறவர், உடம்பைப் பார்த்துக்கொள்ள வைப்பது பெரும்பாடாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளத்தான் அவரால் முடிந்தது. அது அநியாயமான தீர்ப்பு என்பது என் எண்ணம். புளியும் மிளகும் இல்லாத கஞ்சியை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, சாப்பிடாவிட்டால் விதி நம்பிக்கை என்று சொல்வதா?

சானடோரியத்தில் குளிரும் சேர்ந்துகொண்டது. காசநோய்க்குத் திறந்த காற்றே மருந்து என்று சன்னல்களைத் திறந்துபோட்ட காலம். ஒரு மாதமாக இங்கே இருக்கிறேன், ஒருநாள்கூடக் கணப்பு மூட்டித் தரவில்லை என்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினார். கணக்குப் போடும் நாளில் கணப்பு உண்டு என்று சொன்னார்களாம். அந்த நாள் வரவில்லை. குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போகப் போகிறேன், சீக்கிரம் இரண்டு மூன்று கட்டுரை அனுப்புகிறேன் என்றும் எழுதினார். இந்தக் கடிதத்தில் கொஞ்சம் நகைச்சுவை இருக்கிறது. ஹார்டி சிரித்திருப்பாரா தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹார்டியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1918 தொடக்கத்தில் ராமானுஜன் மனம் உடைந்து லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் உயிரை விட முயன்றபோது, போலீஸாரிடம் பேசி அவரை மீட்டவர் ஹார்டி. அதற்காக அவர் ஓர் உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லவும் செய்தார்: இவர் ராயல் சொசைட்டியின் ஃபெலோ என்று. தேர்வு நடந்தது பிறகு, மே 2-இல்தான். அந்தத் தேர்வுக்காகவும் ஹார்டி முன்கூட்டியே எழுதி வற்புறுத்தியிருந்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டால் ஆள் இருப்பாரோ மாட்டாரோ என்ற கவலை அவருக்கு. அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெலோ பதவியும் கிடைத்தது. அந்த ஆண்டில் ராமானுஜன் ஓரளவு தெளிந்தார் என்றால் மருந்தைவிட இதற்குப் பங்கு அதிகம்.

பட்னி நர்சிங் ஹோமுக்கு ஹார்டி டாக்ஸியில் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார் ராமானுஜன். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். இதை மேதைமைக்குச் சான்றாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். நோயாளியைப் பார்க்கப் போனவரின் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். ஹார்டிக்குச் சகஜமாகப் பேச்சைத் தொடங்க வராது. கட்டில் பக்கத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், வந்த வண்டியின் எண்ணைச் சொல்லி வைத்தார். எப்படி இருக்கிறாய், காய்ச்சல் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்குப் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். எண்ணைப் பற்றிச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

1906-இன் சீதபேதி

1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் ராமானுஜனின் நோய்க்குறிகளையும் கிடைத்த மருத்துவக் குறிப்புகளையும் எடுத்து ஆராய்ந்தார். காசநோய் பொருந்தவில்லை என்றார். அவர் வந்து சேர்ந்த முடிவு, கல்லீரல் அமீபா நோய்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. அசுத்தமான தண்ணீர் வழியாக அமீபா குடலுக்குள் போகிறது. சீதபேதி வருகிறது. பேதி நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். கிருமி போவதில்லை. ஆண்டுக்கணக்கில் குடல் சுவரில் ஒண்டியிருந்துவிட்டு, ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே சீழ்க்கட்டியாகத் திரளும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், இரவில் வியர்க்கும், உடம்பு இளைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும். இன்றைக்கு என்றால் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து, மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிவிடுவார்கள். அன்றைக்கும் மருந்து இல்லாமல் இல்லை. கொல்கத்தாவில் லெனார்ட் ராஜர்ஸ் 1912-இலேயே எமிட்டின் ஊசியைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். போருக்குப் போய் இதே நோயோடு திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள், ராமானுஜன் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்ட காலத்தில் குணமாகிக்கொண்டிருந்தார்கள்.

யங் பிடித்துக்கொண்ட முக்கியமான நூலிழை, இந்தியாவை விடும் முன்பே ராமானுஜனுக்கு இரண்டு முறை சீதபேதி வந்திருக்கிறது என்பது. அதில் ஒன்று 1906-இல், பச்சையப்பனில் படித்தபோது. தாங்க முடியாமல் கும்பகோணத்துக்குத் திரும்பி வந்து வீட்டில் கிடந்தார். இதுவும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அம்மாவுக்குத் தெரியும், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். மேட்லாக்கிலும் லண்டனிலும் யாராவது கேட்டார்களா?

யங் சொன்னது முடிந்த முடிவு என்று நான் வாதாட வரவில்லை. எழுபத்தைந்து ஆண்டு கழித்துக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாடி பார்ப்பதில் எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. சீதபேதி விவரம் அன்றே டாக்டருக்குத் தெரிந்திருந்தாலும், அமீபா கல்லீரலில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அக்காலத்தில் எளிதில்லை. ஆனால் ஒன்றைத் திருத்திக்கொள்ளாமல் சொல்ல முடியும். ராமானுஜனின் உடம்பிலிருந்து இரண்டு சேதிகள் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆபரேஷன் சேதி தப்பான தேதியோடு போய்ப் பயமுறுத்தியது. சீதபேதிச் சேதி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமே இல்லை. ராதாகிருஷ்ண அய்யரைப் போன்ற ஒருவர், டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் நின்று “சார், இவருக்கு முன்பு…” என்று ஆரம்பிக்கிறவர், அந்த ஒன்றரை ஆண்டில் கிடைக்கவில்லை. ராமலிங்கத்துக்குக் கிடைத்ததோ மூன்று நாள். அவர் தெரிந்துகொண்டதோ 1914-க்குப் பிந்தைய ராமானுஜனை.

1919-இல் ராமானுஜன் ஊர் திரும்பினார். சென்னையில் காசநோய் என்றே வைத்தியம் தொடர்ந்தது. கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சேத்துப்பட்டில் ஒரு வீடு. 1920 ஏப்ரல் 26-இல் இறந்தார், வயது முப்பத்திரண்டு.

கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி. இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகாத மனைவி. நீ கூட வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று ராமானுஜன் அவரிடம் சொன்னதுண்டு. எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார், வலி வலி என்பார், அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தார் என்று ஜானகி பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார். சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் வேளாவேளைக்குக் கொடுத்தார். காலிலும் நெஞ்சிலும் வலி வரும்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். யங்கின் ஆய்வு வெளிவந்த 1994-ஆம் ஆண்டிலேயே, ஏப்ரலில், ஜானகியம்மாள் காலமானார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்கள் இரண்டும் இன்னும் தன்னிடம் இருக்கின்றன என்று முதுமையில் ஒருமுறை சொல்லியிருந்தார்.